ஈரச்சாக்கும் அண்ணாவும்

எங்கள் வீட்டு அழைப்புமணி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அண்ணாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. அமத்தினால்தானே தெரியும். காரைத் தெருவோரம் நிற்பாட்டிவிட்டு, உள்ளே இருந்தபடியே என் கணவருக்குப் போன் எடுப்பார். "வந்திட்டன்" என்று ஒரே ஒரு சொல். இவர் கறிச்சட்டி கழுவிக்கொண்டிருந்தாலும் சரி, ஆபீஸ் ஆட்களோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தாலும் சரி, போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடுவார். மழையென்றால் குடையோடு ஓடுவார். காருக்குப் பக்கத்தில் போய் நிற்பார். "கதவைத் திறந்து விடுறேல்லையே, பக்கத்தில நிக்கிறதுதானே" என்று ஒருநாள் எனக்கு விளக்கம் வேறு சொன்னார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

உள்ளே வந்தால் டிவிக்கு நேரே இருக்கிற பெரிய சோபா அவருடையது. இவர் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அதன் நுனியில் இருப்பார். ஆக்லாந்தின் லின்ஃபீல்டில் நாங்கள் இரண்டு பேரும் மாடாய் உழைத்து மோர்ட்கேஜ் கட்டுகிற வீடு. அந்த வீட்டில் இவர் வேலை கேட்டு வந்தவர்போலக் கதிரை நுனியில்.

எங்கள் ஆட்களுக்குள் "அண்ணா வந்திருக்கிறார்" என்றால் எந்த அண்ணா என்று யாரும் கேட்பதில்லை. என் கணவர் படித்த பல்கலைக்கழகத்தில் அவர் இவருக்கு ஒரு வருடம் மூத்தவர். ஒரே ஒரு வருடம்தான். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், அவருடைய பெயரும் வேண்டாம். அவருக்கு மனைவி இருக்கிறா, பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் ஒரு பிழையும் செய்யாதவர்கள். இப்போது குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அங்கேயும் யாரோ ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அவரை எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது போதாது. அருவருப்பு. சோற்றுக்குள் மயிர் கிடந்தால் வருமே, அந்த அருவருப்பு. கோப்பையைத் தள்ளி வைக்கவும் முடியாது, சமைத்தவர் முன்னால் நின்று "இன்னும் கொஞ்சம் போடவோ" என்று அன்பாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அன்பாக என்று எழுதியது கிண்டலுக்கு இல்லை. மனிதர் உதவி செய்வதில் அப்படி. நாங்கள் கலியாணம் முடித்த கையோடு ஆக்லாந்தில் வந்து இறங்கியபோது எயார்போர்ட்டுக்கு வந்தவர் அவர்தான். ஏவன்டேலில் ஒரு வீட்டின் பின்பக்க அறையை எங்களுக்காகப் பேசி வைத்திருந்தார். கட்டில், கம்பளிப் போர்வை, ரைஸ் குக்கர், மூன்று நாளைக்குக் காணக்கூடிய மரக்கறி, எல்லாம் அறைக்குள் இருந்தது. இவருக்கு முதல் வேலை எடுத்துக் கொடுத்தவரும் அவரே. இந்த ஊரில் எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு அவரால் ஏதாவது காரியம் ஆகியிருக்கிறது. அதனால்தான் யாரும் வாயைத் திறப்பதில்லை.

ஆனால் உதவிக்கு முன்னால் ஒரு படி இருந்தது. எயார்போர்ட் கார் பார்க்கில், சூட்கேசுகளை அவருடைய வான் வண்டியில் ஏற்றுவதற்கு முன், அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இவரைப் பார்த்துக் கேட்டார்.

"டேய், நீ ஆர்?"

இவர் பெயரைச் சொன்னார்.

"அதைக் கேக்கேல்லை. நீ ஆர்?"

இவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவருடைய சட்டையைப் பார்த்தார். "ஈரச்சாக்கு, அண்ணா" என்றார்.

"ஆ. அப்ப ஏறு."

பல்கலைக்கழகத்தில் சீனியர்மார் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் வைப்பார்களாம். அந்தப் பெயரைச் சொன்னால்தான் சீனியருக்கு ஆள் தெரியுமாம். இந்தியத் தமிழர்கள் ராகிங் என்பதை நாங்கள் பகிடிவதை என்போம். ஏன் ஈரச்சாக்கு என்று அன்றைக்கு அறையில் வைத்து இவரிடம் கேட்டேன். "விடுதிக்கு மழையில அரிசிச் சாக்குத் தூக்கிக்கொண்டு வந்தனான், அதுதான்" என்றார். நானும் நம்பினேன். புதுப் புருசன் சொல்வதை நம்பாமல் வேறு என்ன செய்வது.

இவர் ஏன் சட்டையைப் பார்த்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அங்கே சீனியரின் முகத்தைப் பார்த்துக் கதைக்கக்கூடாது. சட்டையின் மூன்றாவது பொத்தானைப் பார்க்கவேண்டும். படிப்பு முடிந்து, யுத்தம் முடிந்து, தலை நரைத்து, கடல் கடந்து வந்த பிறகும் என் கணவரின் கண் அந்தப் பொத்தானை விட்டு மேலே போகவில்லை. கோடைக்காலத்தில் அவர் பொத்தானே இல்லாத ரீசேட் போட்டுக்கொண்டு வருவார். அப்போதும் இவர் பொத்தான் இருந்திருக்கவேண்டிய இடத்தைப் பார்த்துக் கதைப்பார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சக் காலம்தான்.

வருடா வருடம் பழைய மாணவர் பிக்னிக் நடக்கும். கடற்கரைப் பார்க் ஒன்றில் பார்பிகியூ. அவர்தான் எல்லாம். இறைச்சி வாங்குவது, இடம் பிடிப்பது, பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம் வைப்பது. சாப்பாட்டுக்கு முன்னால் புதிதாக நாட்டுக்கு வந்தவர்களை வரிசையில் நிற்கவைப்பார். கையில் சின்ன மைக். பெயர், பள்ளிக்கூடம், எந்த வருடம், பட்டப்பெயர் என்ன, அது எப்படி வந்தது. எப்படி வந்தது என்று சொல்ல வெட்கப்பட்டால் அவரே சொல்வார். எல்லோருடைய கதையும் அவருக்குப் பாடம். பெண்சாதி பிள்ளைகளுக்கு முன்னால், ஒரு விபரமும் விடாமல், நடித்துக் காட்டிச் சொல்வார். நன்றாகச் சொல்வார் என்பதுதான் அதிலுள்ள கேவலம். சிரிப்பு வந்துவிடும்.

ஒருமுறை புதிதாக வந்தவர் ஒரு விரிவுரையாளர். நாற்பதை எட்டியிருப்பார், பெயருக்கு முன்னால் கலாநிதிப் பட்டம், தோளில் நித்திரையாகிவிட்ட சின்னப் பிள்ளை. அண்ணா சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு நெருப்புக்குச்சியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"பார்பிகியூ மேசையிலயிருந்து டொய்லெட் வரைக்கும் எத்தினை குச்சி எண்டு அளந்துகொண்டு வாரும், டொக்டர்."

அந்த மனிதர் சிரித்தார். பகிடி என்று நினைத்தார். பிறகு ஒருவரும் இடம்விட்டு அசையாததைக் கண்டார். பிள்ளையை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் புல்லில் குந்தினார். குச்சியை வைத்து, விரலால் அடையாளம் பிடித்து, எடுத்து, மறுபடி வைத்து. பக்கத்தில் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்த ஒரு மாவோரிக் குடும்பத்தின் பெரிய மனிசி எழும்பி வந்து, ஏதும் தொலைத்துவிட்டீர்களா, நாங்களும் தேடட்டுமா என்று கேட்டா. எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த விரிவுரையாளரின் மனைவியும் சிரித்துக்கொண்டு நின்றா. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். கார் பார்க்கில் சூட்கேசைப் பிடித்துக்கொண்டு நானும் அதைத்தான் சிரித்தேன். வாய் மட்டும் விரிந்திருக்கும்.

அடுத்த கிழமையே அந்த விரிவுரையாளருக்கு அண்ணா ஒரு வேலை பிடித்துக் கொடுத்தார். பாபடோயிட்டோயில் தன் வீட்டுக்குக் கிட்ட ஒரு வீடும் பார்த்துக் கொடுத்தார். பிறகு அந்தப் பெண்ணைக் கோயிலில் கண்டபோது, "எப்பிடியம்மா, அண்டைக்கு உமக்குக் கோவம் வரேல்லையே?" என்று கேட்டேன். "அண்ணா நல்லவர் அக்கா. எங்களுக்கு ஒருத்தரும் இல்லாத நேரம் அவர்தானே" என்றா.

அவரிடமே ஒருதரம் கேட்டிருக்கிறேன். எங்கள் குசினியில் நின்று தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தார். "ஏன் அண்ணா, இந்த வயசிலயும் இது தேவையே?"

கோபிக்கவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "தங்கச்சி, உங்களுக்கு இது விளங்காது. உங்களோட படிச்ச ஆக்கள் இப்ப எங்க? உங்கட புருசனைப் பாருங்கோ. நான் கூப்பிட்டா எந்த நேரமும் வருவான். அவன் கூப்பிட்டா நான் வருவன். கட்டிப்பிடிச்சவனை மறந்துபோகலாம், முழங்காலில நிக்க வைச்சவனை மறக்கேலுமே? அதுதான் பாசம்."

நம்பித்தான் சொன்னார். அதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. இவருடைய அம்மா ஊரில் செத்துப்போன நேரம் போக வழியில்லாமல் இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது, முதலில் வந்து பக்கத்தில் இருந்தவர் அண்ணாதான். தானும் அழுதார். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார், கோப்பைகளையும் கழுவி வைத்தார். போகும்போது, "டேய் ஈரச்சாக்கு, அழுதது காணும். முகத்தைக் கழுவிப்போட்டுச் சாப்பிடு" என்று அதட்டினார். இரண்டு நாளாக என் கெஞ்சலுக்கு மசியாதவர் எழும்பிப் போய் முகத்தைக் கழுவினார், சாப்பிட்டார். எனக்கு நன்றியும் வந்தது, குமட்டலும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கினேன்.

இதெல்லாம் எங்கள் இரண்டு பேரோடு போயிருந்தால் நான் சகித்திருப்பேன். எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். இங்கே பிறந்தவள். தமிழ் விளங்கும், ஆனால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். உயர்நிலைப் பள்ளிக்குப் போகத் தொடங்கிய காலத்தில் ஒருநாள், அண்ணா வந்துவிட்டுப் போன பிறகு என்னிடம் கேட்டாள், அப்பா ஏன் அந்த அங்கிளுக்குப் பயப்படுகிறார் என்று.

"பயமில்லை பிள்ளை. மரியாதை."

நீங்கள் உங்கள் மனேஜருக்கு மரியாதை கொடுக்கிறீர்கள்தானே, அவர் வந்தால் நீங்கள் இப்படி ஆகிறதில்லையே என்றாள். பிறகு, அப்பா அந்த அங்கிளுக்கு முன்னால் வேறு யாரோபோல இருக்கிறார், எனக்கு அந்த ஆளைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றாள். அந்த ஆள் என்று அவள் சொன்னது அண்ணாவை இல்லை. தன் அப்பாவை. அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். இந்தப் பிள்ளை தன் தகப்பனை ஒருநாள் அண்ணா பார்க்கிற கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடுவாள். தொடங்கிவிட்டால் பிறகு என்ன சொல்லியும் மாற்ற முடியாது.

அண்ணா கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவருடைய மனைவி தன் தாயைப் பார்க்க யாழ்ப்பாணம் போயிருந்தா. மனைவி இல்லாத காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூனியர்மாரின் வீடுகளில் முறை வைத்துச் சாப்பிடுவார். அன்றைக்கு எங்கள் முறை. வெளியே நல்ல மழை. இடியப்பமும் ஆட்டிறைச்சிக் குழம்பும் ஒரு பிடி பிடித்துவிட்டுச் சோபாவுக்கு வந்தார். மகள் அப்போது பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். ஏதோ வகுப்புக்காக ஒரு படம் பார்த்து எழுதவேண்டும் என்று லப்டொப்பை டிவியில் கொழுவிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கழற்றப் போனாள்.

"விடு பிள்ளை, நானும் பாக்கிறன்" என்றார்.

அமெரிக்கப் படம். வெள்ளையர்கள் தங்கள் கல்லூரிகளில் சேர்க்காத காலத்தில் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று தொடக்கிய ஒரு கல்லூரி. அங்கே மாணவர்கள் ஒரு சகோதரர் சங்கம் வைத்திருக்கிறார்கள். அதில் சேர்ந்துவிட்டால் ஆயுள் முழுக்க வேலைக்கும் வீட்டுக்கும் கலியாணத்துக்கும் ஆள் இருக்கும். சேர்வதற்கு முன் கிழமைக்கணக்கில் அடி வாங்க வேண்டும். கண்ணைக் கட்டிக் கொட்டிலுக்குள் நிற்க வைக்கிறார்கள். மரப்பலகையால் அடிக்கிறார்கள். தின்னக் கூடாததைத் தின்ன வைக்கிறார்கள். கதாநாயகன் ஒரு தபால்காரரின் மகன், மெலிந்த பெடியன். உட்கார முடியாமல் சுவரோடு சாய்ந்து நின்றபடி அம்மாவுக்குப் போன் எடுத்து, சாப்பாடு நல்லது, பெடியன்கள் நல்லவர்கள் என்று சொல்கிறான்.

அந்த இடத்தில் நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். என் கணவர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியெல்லாம் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் இவர்களை வெயிலில் வரிசையாக நிற்க வைப்பானாம். எல்லாம் முடிந்து விடுதிக்குப் போய்ச் சேர்ந்தால், நம்முடைய பெடியன்களே மறுபடி வரிசையில் நிற்க வைப்பார்களாம். மற்றவன் காலால் மிதித்ததைத் தாங்கிக்கொண்டு வந்த சனம், தன் ஆளைத் தானே மிதித்துப் பார்க்க ஏன் இவ்வளவு ஆசைப்படுகிறது? எனக்கு விடை தெரியாது. படம் எடுத்தவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

நான் திரும்பி வந்தபோது அண்ணா முழு ஈடுபாட்டோடு படம் பார்த்துக்கொண்டிருந்தார். கிரிக்கெட் பார்க்கிறவர்போல இடைக்கிடை கருத்துச் சொன்னார். "சீ, இவங்களுக்கு வேலை தெரியாது. பலகையால அடிச்சாத் தழும்பு வரும், பிரச்சினை வரும். நாங்கள் ஒருநாளும் கை வைக்கிறேல்லை. என்னடா?"

"ஓம் அண்ணா" என்றார் இவர், கதிரை நுனியிலிருந்து.

கடைசியில் அடிபட்ட பெடியனைச் சங்கத்தில் சேர்க்கிறார்கள். அவன் நிற்க முடியாமல் நிற்கிறான். அடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அவனைக் கட்டிப்பிடித்துச் சகோதரா என்கிறார்கள். அவனுடைய கண்ணில் ஒன்றுமே இல்லை. வெறும் ஓட்டை. படம் அந்தக் கண்ணைத்தான் காட்டிக்கொண்டே இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். திரும்பிப் பார்த்தால் அண்ணா அழுகிறார். கன்னத்தில் கண்ணீர் ஓடுகிறது.

"பாத்தியே" என்றார் இவரிடம். "பாத்தியேடா. இதைத்தான் நான் சொல்லுறனான்."

என் மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள். உங்களுக்கும் இப்படிச் செய்தார்களா அப்பா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"சும்மா பகிடி பிள்ளை" என்றார் இவர். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அண்ணா கண்ணைத் துடைத்தார். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "என்ன, பிள்ளைக்குச் சொல்லேல்லையே? ஈரச்சாக்கு எண்டு ஏன் பேர் வந்தது எண்டு பிள்ளைக்குத் தெரியாதே?"

"அரிசிச் சாக்கு" என்றேன் நான்.

"என்ன அரிசிச் சாக்கு?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "தங்கச்சி, ஊரில குளிச்சுப்போட்டு வந்தா வாசலில சாக்குப் போட்டிருக்கும்தானே, கால் துடைக்க. எங்கட விடுதியில அது இல்லை. சீமெந்து நிலம், வழுக்கும். சீனியர்மார் எல்லாம் ஒரே முறைப்பாடு. நான்தான் சொன்னன், ஏன் சாக்கு இல்லை, இவன் இருக்கிறானே எண்டு. காலமையில இவன் வந்து பாத்ரூம் வாசலில குப்புறப் படுப்பான். நாங்கள் குளிச்சிட்டு வந்து, இப்பிடி, வலக்கால், இப்பிடி, இடக்கால்." சோபாவில் இருந்தபடியே கால்களை இழுத்து இழுத்துக் காட்டினார். "என்ன மாதிரிப் படுப்பான் தெரியுமே? அசையமாட்டான். மழைக்காலம் முழுக்க இவன்தான் சாக்கு. ஒரு அடி அடிச்சமே? அப்பாவைக் கேள் பிள்ளை."

"இல்லை அண்ணா" என்றார் இவர்.

இவருக்குப் பின்கழுத்திலிருந்து காதுவரை சிவந்திருந்தது. இத்தனை வருடம் பக்கத்தில் படுத்தவள், எனக்கு இது தெரியாது. குளித்துவிட்டு வந்தால் இவர் பாத்ரூம் வாசலில் கிடக்கிற, கால் துடைக்கிற பாத்மேற்றில் கால் வைப்பதில்லை, அதைச் சுற்றிக் கடந்து ஈரக்காலோடு நடப்பார். நிலம் ஈரமாகிறது என்று நான் எத்தனை தரம் ஏசியிருக்கிறேன்.

"டேய், எழும்பு" என்றார் அண்ணா. "எப்பிடிப் படுத்தனீ எண்டு பிள்ளைக்கு ஒருக்காக் காட்டு."

மழைச் சத்தம் கேட்டது. இவர் சிரித்தார். கோப்பையைப் பக்கத்து மேசையில் வைத்தார். எழும்பினார்.

"இருங்கோப்பா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இவர் என் பக்கம் திரும்பவில்லை. சோபாவுக்கு முன்னால் வந்து ஒரு முழங்காலைக் கார்ப்பெட்டில் ஊன்றினார். அந்த முழங்காலில் நோவு இருக்கிறது, இறங்கும்போது எப்போதும் ஒரு கையை நிலத்தில் வைப்பார். வைத்தார். நான் தகப்பனைப் பார்க்கவில்லை, மகளின் முகத்தைத்தான் பார்த்தேன். நான் பயந்துகொண்டிருந்த நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மகள் சோபாவின் கைப்பிடியிலிருந்து வழுக்கி இறங்கினாள். தகப்பனுக்கும் அண்ணாவின் கால்களுக்கும் நடுவே இருந்த அந்தக் கொஞ்ச இடத்தில் குப்புறப் படுத்தாள். கன்னம் கார்ப்பெட்டில், இரண்டு கையும் பக்கவாட்டில். தமிழில் சொன்னாள்.

"துடையுங்கோ அங்கிள்."

வேறு எந்த மனிதனும் அந்த இடத்தில் கூசிப்போயிருப்பான். எழும்பியிருப்பான். பிள்ளை எழும்பு என்று பதறியிருப்பான். அண்ணா கையைத் தட்டிச் சிரித்தார். தன்னோடு வந்து சேர்ந்துவிட்டாள் என்று நினைத்தார். "ஆ! அப்பனை வெண்டிட்டாள். இவள் எங்கட ஆள்" என்றார். வலக்காலைத் தூக்கினார். சாம்பல் நிறச் சொக்ஸ். அதை என் பிள்ளையின் முதுகில் வைத்து ஒருமுறை இழுத்தார்.

இவர் அந்தக் காலைப் பிடித்தார். கணுக்காலைச் சுற்றி, முழங்காலில் நின்றபடியே.

"காலை எடுங்கோ அண்ணா."

"சும்மா பகிடிக்கடா."

"எடுங்கோ."

அவர் எடுக்கும்வரை காத்திருக்கவில்லை. இவரே அந்தக் காலைத் தூக்கி, ஒரு பாத்திரத்தை வைப்பதுபோலக் கார்ப்பெட்டின் மறுபக்கம் வைத்தார். பிறகு சொன்னார், குரலை உயர்த்தாமல். "அந்த மழைக்காலம் முழுக்க எனக்கு உங்களைக் கொல்லோணும் போல இருந்தது அண்ணா."

அண்ணாவுக்குக் கோபம் வரவில்லை. விளங்காமல் பார்த்தார். "பொய் சொல்லாதை. நீ சிரிச்சனீ. எனக்கு நல்ல ஞாபகம். படுத்துக்கொண்டு சிரிச்சனீ."

"சிரிக்கச் சொன்னனீங்கள்."

டிவியில் படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கும் செய்தவங்கள்" என்றார்.

"என்ன செய்தவங்கள்?" என்று கேட்டார் இவர்.

அண்ணா வாயைத் திறந்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், கடைசியாகக் கீழே கிடந்த பிள்ளையைப் பார்த்தார். "அது சொல்லேலாது" என்றார். எழும்பி, கதிரையில் கிடந்த ஜக்கெட்டை எடுத்தார். போட முயன்றபோது ஒரு கை சரியாக நுழையவில்லை. அப்படியே தோளில் போட்டுக்கொண்டு தானே கதவைத் திறந்து மழைக்குள் போனார்.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் சிலர், பாவம் மனிசன் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பாவமாக இருக்கவில்லை. நான் தேடிப் பார்த்தேன், இல்லை. ஊரில் உள்ள எல்லா ஆண்பிள்ளைகளின் வெட்கத்தையும் மைக் பிடித்துச் சொன்ன வாய், தன்னுடையதைச் சொல்ல மாட்டேன் என்கிறது. அப்படியானால் அது எப்படி இருக்கும் என்று அந்த ஆளுக்கு முழுக்கத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் செய்கிறார் என்று மனதின் ஒரு மூலையில் நினைத்துத்தான் அவருக்கு இவ்வளவு காலமும் இடியப்பம் பிழிந்திருக்கிறேன். தெரிந்துகொண்டே செய்திருக்கிறார். அன்றைக்கு வந்த அருவருப்புக்கு முன்னால் அதற்கு முந்தியதெல்லாம் ஒன்றுமில்லை. சோபாவில் அவர் சாய்ந்திருந்த பள்ளம் அப்படியே இருந்தது. மெத்தையைத் தூக்கித் திருப்பிப் போட்டேன்.

மகள் இன்னும் எழும்பவில்லை. இவர் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார், நோவு இருக்கிற காலை நீட்டிக்கொண்டு. அவளுடைய ஹூடியின் முதுகைக் கையால் தட்டிவிட்டார். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை, ஆனாலும் தட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப நொந்ததே அப்பா?" என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள்.

"நோகேல்லை" என்றார் இவர். "ஈரச் சேர்ட்டோட லெக்சருக்குப் போறதுதான் கரைச்சல். மாத்திறதுக்கு மற்றச் சேர்ட்டும் காஞ்சிருக்காது."